ஆர்கன் ஒலிக்கும் கராஜ் ராக்: டொராண்டோவின் டெட்லி ஸ்னேக்ஸ் குழுவைக் கேட்க ஒரு முன்னுரை

கராஜ் ராக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கரகரக்கும் கிட்டாரும் தொண்டை கிழியப் பாடும் இளைஞனும்தான். அந்த இரைச்சலுக்குள் 1960-களிலிருந்தே இன்னொரு கருவியும் ஒலித்துவருகிறது. பல பாடல்களில் கிட்டாரைவிட அதுவே பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடும் அந்தக் கருவி ஆர்கன். ராக் இசையில் ஆர்கன் செய்யும் வேலை என்ன, அதைக் காதால் எப்படிப் பிரித்தறிவது என்பதைத் தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக நான் தேர்ந்தெடுத்திருப்பது, 1996 முதல் 2006 வரை இயங்கிய தி டெட்லி ஸ்னேக்ஸ் என்ற டொராண்டோ நகரக் குழு. கனடாவுக்கு வெளியே இந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. கனடாவுக்குள்ளும் மிகுதி என்று சொல்லிவிட முடியாது.

முதலில் கராஜ் ராக் எப்படித் தோன்றியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை ஏழு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதையடுத்த மூன்று ஆண்டுகளில் வட அமெரிக்காவின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கான குழுக்களைத் தொடங்கி, கராஜ் எனப்படும் வீட்டுக் கார் கொட்டகையிலும் நிலவறையிலும் பயிற்சி செய்து, பள்ளி நடன விழாக்களில் வாசித்து, கையில் இருந்த பணத்துக்கு ஓரிரு பாடல்களை மட்டும் பதிவுசெய்துவிட்டுக் கலைந்துபோனார்கள். அந்தப் பாடல்களில் இரண்டு மூன்று கார்டுகளுக்கு (ஒன்றாகச் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளுக்கு) மேல் இருக்காது, நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்டாது, பதிவின் தரமும் முரடாகவே இருக்கும். ஆனால் வாசிக்கத் தெரிந்த அளவை மீறி வாசிக்கத் துணியும் ஒரு வேகம் அவற்றில் உண்டு. 1972-இல் லென்னி கே என்ற இசை எழுத்தாளர் தொகுத்த நக்கெட்ஸ் என்ற இரட்டை இசைத்தட்டு, மறக்கப்பட்டிருந்த அந்தப் பாடல்களை மீண்டும் கேட்கவைத்தது. பிற்காலத் தலைமுறைகள் கராஜ் ராக் என்பதை ஒரு தனி வகையாகப் பிடித்துக்கொண்டதற்கு அந்தத் தொகுப்பே பெரிய காரணம்.

இனி ஆர்கனுக்கு வருவோம். கிட்டாரின் தந்தியை மீட்டினால் ஒலி அந்தக் கணத்தில் உச்சத்தில் எழுந்து, உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. பியானோவும் அப்படித்தான். ஆர்கனில் விரல் விசையை அழுத்தியிருக்கும் வரை ஒலி அதே அளவில் நிற்கும். விரலை எடுத்தால் அறுந்துவிடும். துருத்தியில் காற்று இருக்கும் வரை ஆர்மோனியத்தின் சுரம் குன்றாமல் நிற்பதைப் போன்றது இது. ஆனால் ஆர்மோனியத்திலாவது துருத்தியை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். மின் ஆர்கனில் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் எழும் ஒலி ஒன்றே. ஒலியளவை மாற்ற வேண்டுமானால் காலடியில் உள்ள பெடலைத்தான் மிதிக்க வேண்டும். கைகளால் உணர்ச்சியைக் காட்ட முடியாத கருவி என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. அந்தக் குறையே கராஜ் ராக்குக்கு வரமாக அமைந்தது என்பது என் கருத்து. கிட்டாரும் டிரம்ஸும் அடித்து அடித்து ஓயும் ஒலிகள். அவற்றுக்கு அடியில் ஓயாத ஓர் ஒலி நின்றால்தான் மூன்று நான்கு பேர் மட்டுமே கொண்ட குழு ஒரு கூடத்தை நிறைக்க முடியும்.

அந்தக் காலக் குழுக்களிடம் இருந்த ஆர்கன்கள் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று, 1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனின் வழியில் வந்தது. அதன் புகழ்பெற்ற வடிவமான பி-3, இருக்கையும் கால்விசைகளும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள மரப்பெட்டி. அதற்குள் 91 சிறு பற்சக்கரங்கள் காந்தங்களின் முன்னால் சுழன்று ஒலியை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒன்பது மின்தொடர்புகள் உண்டு. விசையை அழுத்தும்போது அவை ஒன்பதும் துல்லியமாக ஒரே கணத்தில் தொடுவதில்லை என்பதால் 'டிக்' என்ற ஒரு சிறு ஓசை எழும். அதைக் குறையாகக் கருதி நீக்க முயன்றது தயாரிப்பாளர் தரப்பு. ஜாஸ், ராக் கலைஞர்களோ தாளத்துக்குக் கூர்மை தரும் ஓசையாக அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆர்கனோடு பெரும்பாலும் இணைந்தே வருவது லெஸ்லி ஸ்பீக்கர். அதற்குள் ஊதுகுழல் போன்ற ஒரு பாகம் உண்மையிலேயே சுழல்கிறது. மெதுவான சுழற்சியில் ஒலி அலையலையாக மிதக்கும். வேகத்தைக் கூட்டினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுகள் வரை போய் ஒலி நடுநடுங்கும். ஒரு வேகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற அந்தப் பாகம் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், பாடல் உச்சத்தை நோக்கி ஏறும் இடத்தில் ஆர்கன் ஒலி மெல்ல மெல்லச் சூடேறுவதை நாம் கேட்க முடிகிறது.

பதினேழு வயதுப் பையன்களால் 190 கிலோப் பெட்டியை வாங்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. அவர்களுக்காகவே பிறந்ததுபோல் வந்தது இரண்டாவது குலம்: டிரான்சிஸ்டரில் இயங்கும் காம்போ ஆர்கன். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த வாக்ஸ் கான்டினென்டலும், இத்தாலியில் 1964 வாக்கில் வந்த ஃபார்ஃபிசா காம்பாக்ட்டும் இவற்றில் முக்கியமானவை. வாக்ஸை மேடையில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம்: வழக்கமாக வெள்ளையாக இருக்கும் விசைகள் அதில் கறுப்பு, கறுப்பாக இருக்க வேண்டியவை வெள்ளை. காலைக் கழற்றி, மூடியைப் போட்டு, பெட்டிபோல் வண்டியில் ஏற்றிவிடலாம். உள்ளே இருக்கும் அமைப்பு எளிமையானது. மேல் எண்மத்தின் (ஆக்டேவ், அதாவது ஒரு 'ஸ' முதல் அடுத்த 'ஸ' வரையிலான தொகுதி) பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு மின்சுற்று அட்டைகள் மட்டுமே உண்டு. கீழ் எண்மங்களின் சுரங்கள் அந்த அதிர்வெண்ணைப் பாதி பாதியாகக் குறைப்பதால் கிடைக்கின்றன. நொடிக்கு 1760 அதிர்வு 880 ஆகி, 440 ஆகி, 220 ஆகிறது. இதனால், அட்டையில் மூல அதிர்வை உண்டாக்கும் சுற்றான அலையியற்றி பழுதானால் அந்த ஒரு சுரம் விசைப்பலகை முழுவதும் ஊமையாகிவிடும். எல்லா எண்மங்களும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் ஒலியில் நெகிழ்வு குறைவு. மெலிந்த, மூக்கடைத்த, சற்றே எரிச்சலூட்டும் ஒலி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மெலிந்த ஒலிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கீழே நெரிசலை உண்டாக்கும்போது, அது நெரிசலுக்கு மேலே எழுந்து தனியாகக் கேட்கும்.

இவற்றைக் காதால் பிடிக்க இரண்டு பழைய பதிவுகளே போதும். ஒன்று, தி அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு 1964 மே 18 அன்று ஒரே முயற்சியில் பதிவுசெய்த தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன். தொடக்கத்தில் கிட்டார் ஒவ்வொரு தந்தியாக மீட்டிக்கொண்டே போகும்; ஆலன் பிரைஸ் வாசிக்கும் வாக்ஸ் ஆர்கன் பின்னால் அடக்கமாகத் தொடங்கி, பாடகரின் குரல் ஏற ஏறத் தானும் ஏறி, நடுவில் தனி வாசிப்பாக வெடிக்கும். மற்றொன்று, மிச்சிகன் மாநிலத்தின் மெக்சிகோ வழி இளைஞர்கள் அமைத்த கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ் குழுவின் 96 டியர்ஸ். 1966 அக்டோபரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த பாடல் இது. இங்கே ஆர்கன் நீட்டி ஒலிப்பதில்லை. ஒரே சிறு வரியைத் துண்டு துண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் பாடலில் நீண்டு நிற்கும் ஆர்கன், இரண்டாவதில் தாளக் கருவியாகிவிட்ட ஆர்கன்: இந்த இரண்டு குணங்களையும் வேறுபடுத்திக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கனடாவுக்கும் ஆர்கனுக்கும் உள்ள உறவு தனிக் கதை. 1958-இல் அர்க்கன்சாவிலிருந்து ஒன்டாரியோவுக்கு வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்ட, அமெரிக்க நாட்டுப்புற இசையும் (கன்ட்ரி) ராக்கும் கலந்த ராக்கபில்லி வகைப் பாடகர் ரோனி ஹாக்கின்ஸ், டொராண்டோவின் யங் தெரு மதுக்கூடங்களில் தன் குழுவான ஹாக்ஸை வைத்து இரவுதோறும் வாசித்தார். 1961-இல் அந்தக் குழுவில் சேர்ந்தவர் ஒன்டாரியோவின் லண்டன் நகரத்தைச் சேர்ந்த கார்த் ஹட்சன். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பயிற்சி பெற்ற அவர், உறவினர் ஒருவர் நடத்திய இறுதிச்சடங்கு இல்லத்தில் ஆர்கன் வாசித்துப் பழகியவர். மதுக்கூடத்தில் வாசிப்பதைப் பெற்றோர் இழிவாக எண்ணுவார்களே என்ற தயக்கத்தில், தனக்குப் புதிய லோரி ஆர்கன் ஒன்று வாங்கித் தர வேண்டும், குழுவில் உள்ள மற்றவர்களுக்குத் தான் இசை ஆசிரியராக இருப்பதற்கு வாரந்தோறும் தனியாகக் கட்டணம் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அவர் சேர்ந்தார். எல்லோரும் ஹாமண்டை நாடிய காலத்தில் லோரியைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தனித்தன்மை. அந்தக் குழுவே பிற்பாடு தி பேண்ட் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. ஹட்சன் 2025 ஜனவரியில் காலமானார். 1960-களின் நடுவில் டொராண்டோ ஒலி என்று பேசப்பட்டதில் ஹாமண்ட் ஆர்கனும் கூர்மையான கிட்டாரும் சேர்ந்த ரிதம் அண்ட் புளூஸ் பாணிக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனை இருந்தும் அந்தக் காலக் கனடியக் குழுக்கள் ஏன் அறியப்படாமல் போயின என்றால், பெரிய அளவில் அது வானொலியின் விவகாரம். உள்ளூர்ப் பாடல்களைக் கனடிய நிலையங்களே பொருட்படுத்தவில்லை. வின்னிபெக் நகரக் குழு ஒன்றின் பாடலை 1965-இல் வெளியிட்ட நிறுவனம், கனடியர் பாடியது என்று தெரிந்தால் ஒலிபரப்ப மாட்டார்கள் என்று அஞ்சி, இசைத்தட்டில் குழுவின் பெயருக்குப் பதிலாக 'யாரென்று சொல்லுங்கள்' என்ற பொருளில் கெஸ் ஹூ என்று அச்சிட்டு அனுப்பியது. பாடல் வெற்றி பெற்றது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏ.எம். வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடியப் படைப்பாக இருக்க வேண்டும் என்ற விதி 1971-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கராஜ் ராக்கின் முதல் அலை ஓய்ந்துவிட்டிருந்தது.

டெட்லி ஸ்னேக்ஸ் அந்த முதல் அலைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தியவர்கள். 1996-இல் டொராண்டோவில் தொடங்கிய இந்தக் குழுவின் மையத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர், பாடகரும் கிட்டார் கலைஞருமான ஆந்த்ரே எத்தியே. மற்றொருவர், ஏஜ் ஆஃப் டேஞ்சர் என்ற மேடைப்பெயரில் ஆர்கன் வாசித்துப் பாடிய மேக்ஸ் மெக்கேப்-லோகோஸ். டிரம்ஸ், பேஸ் கிட்டாரோடு டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் இவர்களிடம் உண்டு. கராஜ் குழுவுக்கு இது சற்றே பெரிய குடும்பம். ஆர்கன் வாசிப்பவரே பாடல் எழுதுபவராகவும் பாடுபவராகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பல ராக் குழுக்களில் ஆர்கன் என்பது கிட்டாரில் எழுதி முடித்த பாடலின் மேல் கடைசியாகப் பூசும் வண்ணமாக நின்றுவிடும். இங்கே அது பாடலின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

ஊதுகருவிகள் இரண்டே இரண்டு இருக்கும் குழுவில் ஆர்கனுக்கு ஒரு கூடுதல் பணி சேர்கிறது. ஒரு கார்டுக்குக் குறைந்தது மூன்று சுரங்கள் தேவை. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஆளுக்கு ஒரு சுரம் ஊதினால் இரண்டுதான் கிடைக்கும். விடுபட்ட சுரத்தை ஆர்கன் நீட்டிப் பிடித்தால், கேட்பவர் காதில் ஆறேழு பேர் கொண்ட ஊதுகருவி அணி நிற்பதுபோன்ற மயக்கம் ஏற்படும். ஏனென்றால் ஆர்கன் ஒலியும் ஊதுகருவி ஒலியும் தேயாமல் நிற்கும் ஒரே இனத்தவை. கிட்டாரால் இந்த வேலையைச் செய்ய முடியாது. மெம்ஃபிஸ், டெட்ராய்ட் நகரங்களில் கறுப்பின அமெரிக்கர் வளர்த்த பழைய சோல் இசையில் முழு அணியைக் கொண்டு செய்ததைக் குறைந்த ஆட்களோடும் குறைந்த செலவோடும் செய்ய முயலும் குழுக்கள் ஆர்கனை விடாமல் பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழுவின் நான்கு இசைத்தொகுப்புகளையும் வரிசையாகக் கேட்டால் ஆர்கனின் இடம் மாறிக்கொண்டே வருவது தெரியும். 1999-இல் சிம்பதி ஃபார் தி ரெக்கார்ட் இண்டஸ்ட்ரி என்ற கலிஃபோர்னிய நிறுவனம் வெளியிட்ட லவ் அன்டன், எல்லாக் கருவிகளும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடும் தொகுப்பு. புதியவர் இதிலிருந்து தொடங்கினால் இரைச்சலே மிஞ்சும் என்பதால் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. 2001-இல் லாஸ் ஏஞ்சலிசின் இன் தி ரெட் நிறுவனம் வெளியிட்ட ஐம் நாட் யுவர் சோல்ஜர் எனிமோர் தொகுப்பின்போது, மெம்ஃபிஸ் நகரின் ஒப்லிவியன்ஸ் குழுவைச் சேர்ந்த கிரெக் கார்ட்ரைட் சிறிது காலம் உறுப்பினராகவே வந்து சேர்ந்தார். கார்ட்ரைட் சோல் இசையிலும் கன்ட்ரி இசையிலும் ஊறியவர். அவர் வரவுக்குப் பின் பாடல்களுக்குள் மூச்சுவிட இடம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கறுப்பினத் தேவாலயப் பாடல் மரபான கோஸ்பல் பாணியில் ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் கொடுப்பதும், குரல் நிறுத்தும் இடத்தில் ஆர்கன் பேசுவதும் இங்கே தெளிவாகத் தெரியும்.

2003-இல் வந்த ஓட் டு ஜாய்தான் ஆர்கனை அறிய விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் தொகுப்பு. ஆனந்தத்தைப் போற்றும் தலைப்பை மேலே வைத்துவிட்டு, உள்ளே மூடிய சவப்பெட்டி, பிணம், தூக்கமில்லாத இரவு, தங்கிவிட்ட துன்பம் என்று பாடல்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்த முரணுக்கு ஆர்கனைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. வட அமெரிக்கக் காதுக்கு ஆர்கன் என்பது ஒரே சமயத்தில் தேவாலயத்தின் ஒலி, இறுதிச்சடங்கு இல்லத்தின் ஒலி, ஐஸ் ஹாக்கி அரங்கில் கூட்டத்தை உசுப்பேற்றும் ஒலி. வழிபாடும் சாவும் கேளிக்கையும் ஒரே விசைப்பலகையில் இருக்கின்றன. கார்த் ஹட்சன் இறுதிச்சடங்கு இல்லத்திலிருந்து யங் தெருவுக்கு வந்தது போன்ற பாதை அந்த மண்ணில் வியப்பானதல்ல. சாவைப் பற்றிய வரியை ஆட்டம் போடவைக்கும் தாளத்தில் பாடும்போது பின்னால் ஆர்கன் நிற்பதால், கேட்பவர் சிரிப்பதா கலங்குவதா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார். இந்தக் குழுவின் தனிச்சுவை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான்காவதும் இறுதியுமான போர்செல்லா 2005-இல் வெளிவந்தது. கனடாவில் அதை வெளியிட்டது டொராண்டோவின் பேப்பர் பேக் நிறுவனம். இதில் வேகம் தணிந்து, கருவிகளின் வகை பெருகி, இரு பாடகர்களின் குணவேறுபாடும் முன்னுக்கு வருகிறது. இது கராஜ் ராக்கே அல்ல என்று வாதிடுவோருக்கு என்னிடம் உறுதியான மறுப்பு இல்லை. ஆனால் முரட்டுத்தனமாகத் தொடங்கிய ஒரு குழு மெருகேறியபோதும் அதன் அடையாளம் கலையாமல் இருந்ததற்கு, தொடக்கத்திலிருந்தே நீண்ட சுரங்களின் மேல் பாட்டைக் கட்டிப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம். கனடாவின் சிறந்த இசைத்தொகுப்புக்கான பொலாரிஸ் பரிசு 2006-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, இறுதிப் பட்டியலில் இருந்த பத்துத் தொகுப்புகளில் போர்செல்லாவும் ஒன்று. பரிசு, ஃபைனல் ஃபேன்டசி என்ற பெயரில் இசைத்த ஓவன் பாலட்டுக்குச் சென்றது. டெட்லி ஸ்னேக்ஸ் அந்த ஆண்டிலேயே கலைந்துவிட்டது. பெயர் பரவத் தொடங்கும் நேரத்தில் கலைந்துபோவது கராஜ் குழுக்களுக்கு ஏறக்குறைய மரபு என்றே சொல்ல வேண்டும்.

இனி, கேட்கும் முறை. முதல் முறை கேட்கும்போது பாடகரின் சொற்களையும் கிட்டாரையும் தொடர வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் இடைவிடாமல் நிற்கும் ஒலி எது என்று மட்டும் தேடுங்கள். சில நொடிகளில் அது பிடிபடும். பிடிபட்டவுடன், அது எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆர்கன் ஒலிக்கும் இடத்தைவிட அது விலகும் இடம்தான் அதன் வேலையைக் காட்டிக்கொடுக்கும்: விலகிய கணத்தில் பாடலின் தரை இறங்கிவிட்டதுபோல், டிரம்ஸும் குரலும் மட்டும் வெறுமையில் நிற்பது தெரியும், திரும்பி வரும்போது, ஒலியளவு அவ்வளவாகக் கூடாமலேயே பாடல் பெரிதாகிவிடும். நல்ல ஆர்கன் கலைஞரின் திறமை பெரும்பாலும் இந்த வரவிலும் விலகலிலும் அடங்கியிருக்கிறது. விரல் வேகத்தை எதிர்பார்த்துக் கேட்பவர்கள் இந்த வகை இசையில் ஏமாந்துபோவார்கள்.

இரண்டாம் முறை, கலைஞரின் கை செய்வதைக் கற்பனை செய்துகொண்டு கேளுங்கள். ஒரே கார்டை அழுத்திப் பிடித்திருக்கிறாரா, அல்லது தாளத்தின் இடைத்தட்டுகளில் தொட்டுத் தொட்டு எடுக்கிறாரா? குரல் வரி முடிந்த இடத்தில் இரண்டு மூன்று சுரங்களால் பதில் சொல்கிறாரா? உள்ளங்கையை விசைகளின் மேல் வைத்து மேலிருந்து கீழே ஒரே வீச்சாக இழுத்துவிடுகிறாரா? ராக், கோஸ்பல் ஆர்கனில் அடிக்கடி வரும் இந்தக் கடைசி உத்தி, பாடல் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும் இடத்தில் டிரம்ஸ் உருட்டலோடு சேர்ந்து வந்தால், அந்த இடம் இடி விழுந்ததுபோல் இருக்கும். லெஸ்லி ஸ்பீக்கர் இருந்தால், சுழற்சி வேகம் மாறும் அந்தச் சில நொடிகளையும் தேடிப் பிடிக்கலாம்.

ஒலி கரகரப்பாக இருப்பதைப் பதிவின் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்கனை கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அது தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டினால் அலைவடிவம் நசுங்கி அந்தக் கரகரப்பு பிறக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நசுங்கிய ஒலியில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் கலக்கும்போது, வாசிக்காத புதிய அதிர்வுகளும் தாமாக முளைத்துவிடும். நான்கைந்து விரல்களில் நிறைந்த கார்டு வாசித்தால் சேறாகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கரகரப்பைக் கூட்டும்போது விரல்களைக் குறைத்து, ஒரு சுரத்தையும் அதன் எண்மத்தையும் மட்டும், அல்லது ஐந்தாம் சுரத்தைச் சேர்த்து வாசிப்பார்கள். கிட்டார் கலைஞர்கள் பவர் கார்டு என்று இரண்டு மூன்று தந்திகளோடு நிறுத்திக்கொள்வதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். வாசிப்பு எளிமையாக இருப்பதாலேயே வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டுவோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் ஆர்கனின் கீழ்ச்சுரங்கள் வருவதே இல்லை. மேலே மிதக்கும் கீச்சொலி மட்டும் மிஞ்சி, அந்தக் கருவியின் மேல் வீண்பழி விழும். சாதாரண ஹெட்ஃபோனே போதுமானது. ஒலியளவையும் சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்ளலாம், காது நோகாத வரை. கூடங்களில் உரக்க வாசிப்பதற்காகப் பிறந்த இசையைப் பின்னணியாக முணுமுணுக்கவிட்டால் அது வெறும் அரிப்பாகவே தோன்றும்.

கேட்கும் வரிசையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன இரண்டு 1960-களின் பாடல்களில் காதைப் பழக்கிவிட்டு, ஓட் டு ஜாய் தொகுப்பை முழுதாக ஒருமுறை, பிறகு போர்செல்லா, அதன்பின் 2001-ஆம் ஆண்டுத் தொகுப்பு, கடைசியாக லவ் அன்டன் என்று போவது எளிது. காது பழகிய பிறகு அந்த முதல் தொகுப்பின் இரைச்சலுக்குள்ளும் ஆர்கன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட முடியும். குழு கலைந்த பிறகு எத்தியே தனியாக இசைத்தொகுப்புகள் வெளியிட்டுக்கொண்டு ஓவியராகவும் இயங்குகிறார். பேஸ் கிட்டார் வாசித்த சாட் ராஸ், குவெஸ்ட் ஃபார் ஃபயர் என்ற கனமான ராக் குழுவுக்குச் சென்றார். மெக்கேப்-லோகோஸ் நடிகராகி, 2021-இல் ஸ்டான்லிவில் என்ற முழுநீளத் திரைப்படத்தையும் இயக்கினார். அமைதியான, நிதானமான எத்தியேவின் தனித்தொகுப்புகளைக் கேட்க விரும்புபவர்கள், அவற்றில் டெட்லி ஸ்னேக்ஸின் முழக்கத்தை எதிர்பார்க்காமல் போவது நல்லது.